அடுப்பு வெடிக்கவில்லை

"வீட்ல கேஸ் அடுப்பு வெடிச்சிட்டு சார்" என்றான் நபீல்.

பல்கீஸ் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். டாக்டர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, "எத்தன மணிக்கு?" என்று கேட்டார். "பதினொன்னு இருக்கும் சார்" என்றான் நபீல். கட்டிலில் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வழன்று, சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. சட்டையில் மருந்து வாடை. தீப்பெட்டி ஆபீசில் குச்சிமுனைக்கு அரைக்கிற மருந்தின் வாடை அது. எட்டு வருசமாக அவன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த வாடை தெரியாதா?

பதினொரு மணிக்கு அவள் அதே அடுப்பில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சீனித்தாய் ஆபீசிலிருந்து தலைவிரி கோலமாக ஓடிவந்து, "ஏட்டி பல்கீசு, மருந்து ரூம்ல தீ பிடிச்சிட்டுட்டி, ஒன் வீட்டுக்காரருக்கு கையில பட்டுட்டு" என்று கத்தினபோது, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் ஓடிவந்த உள்ளங்கால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஆபீஸ் மேனேஜர் இசக்கிதுரை நின்றிருந்தார். கையில் சீவின இளநீர் ஒன்று. நபீல் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் அவளுக்குப் புரிந்தது.

டாக்டர் நகர்ந்ததும் இசக்கிதுரையின் பின்னாலேயே வராண்டாவுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு அடுப்பு எப்ப வெடிச்சிச்சு?"

"தங்கச்சி, சத்தம் போடாத. இது ஆஸ்பத்திரி."

"நான் எங்க சத்தம் போட்டேன்? கேக்கேன். எப்ப வெடிச்சிச்சு?"

"ஒரு பேச்சுக்குச் சொல்லுததுதான். நீ சின்னப்பிள்ளையா? ஆபீசுல தீப்பிடிச்சிச்சுன்னு எழுதினா போலீசு வரும். ஃபேக்டரி ஆபீசர் வருவாரு. யாரு இந்த ஆளு, எந்த ஊருன்னு கேப்பாவ. ஒங்களுக்கு இங்கன வேல பாக்க பெர்மிட்டு இருக்கா? இல்லல்லா. அடுத்த பிளேன்ல ஏத்தி விட்ருவான். எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான் மொதலாளி யோசிச்சு சொல்லிவிட்டுருக்காவ."

"அந்த மெஷின்ல பேரிங் போயிட்டு, மாத்தணும், மாத்தணும்னு எங்க வீட்ல ஒரு மாசமா சொன்னாரு. அதுவும் எங்க நல்லதுக்குத்தானா மாத்தாம வச்சிருந்தீங்க?"

இசக்கிதுரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்லாத் தமிழ் பேசுத" என்றார். இளநீரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவள் தமிழ் படித்தது குழாயடியில். ஒன்பது வருசத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் வந்து இறங்கினபோது அவளுக்கு வயது இருபது. ஏமன் தேசத்தில் தாயிஸ் என்று மலைமேல் ஒரு ஊர். அங்கே ஒரு மளிகைக்கடைக்காரரின் மகள். நபீலும் அதே ஊர்தான். இங்கே இன்ஜினியரிங் படிக்க வந்தவன் லீவுக்குப் போய் அவளைக் கல்யாணம் முடித்து, 'ஒன்றரை வருசம்தான், படிப்பு முடிந்ததும் திரும்பிவிடலாம்' என்று கூட்டிவந்தான். வந்த மூன்றாம் மாதம் அங்கே சண்டை மூண்டது. விமான நிலையத்தில் குண்டு விழுந்தது. நபீலின் அப்பா கட்டின வீடு இரண்டு படைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கத்துச் சன்னலில் ஒருத்தன் துப்பாக்கியும் அந்தப் பக்கத்துச் சன்னலில் இன்னொருத்தன் துப்பாக்கியுமாக நிற்கிற வீட்டுக்கு எப்படித் திரும்புவது? பாஸ்போர்ட் காலாவதியாயிற்று. படிப்பு விசா முடிந்தது. டெல்லியில் ஒரு ஆபீசில் அகதி என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு இருக்கலாம். வேலை பார்க்கக் கூடாது. மூன்று உயிர் வேலை பார்க்காமல் எப்படி இருப்பது என்பதை அந்த அட்டையில் எழுதியிருக்கவில்லை.

அய்யாத்துரை தீப்பெட்டி ஆபீசில் ஒருநாள் மெஷின் நின்றுபோய், சிவகாசி மெக்கானிக் வரத் தாமதமாகி, படித்த பையன் என்று நபீலைக் கூட்டிப்போனார்கள். அரை மணி நேரத்தில் அதை ஓடவைத்துவிட்டான். அன்றிலிருந்து அங்கேதான். அட்டெண்டன்ஸ் நோட்டில் அவன் பெயர் கிடையாது. ஆபீசர்கள் வருகிற அன்று பின்கேட் வழியாக டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

தெருவில் அவளை முதலில் யாரும் அண்டவில்லை. கறுப்பு அங்கியும் முக்காடுமாகக் குடத்தோடு நின்றவளைப் 'பாய் வீட்டம்மா' என்றார்கள், 'அரபிக்காரி' என்றார்கள். எட்டு நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீருக்கு வரிசையில் அவள் குடத்தை யாரோ பின்னால் தள்ளி வைத்தார்கள். மூன்றாம் தடவை தள்ளியபோது, அதுவரைக்கும் காதில் வாங்கிவைத்திருந்த தமிழ் அத்தனையையும் எடுத்து ஒரு வீச்சு வீசினாள். பாதி வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்கே தெரியாது. கூட்டம் சிரித்துப் புரண்டது. சீனித்தாய்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, அந்த வார்த்தைய இனிமே சொல்லிராத, அது ஆம்பளைய சொல்லுதது" என்று அவள் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தாள். அதன் பிறகு சோளமாவு புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றி அவள் எடுக்கிற லஹூஹைச் சீனித்தாய் பிட்டுத் தின்றுபார்த்து, "இது நம்ம சோளத்தோசதானட்டி. இதுக்கு எதுக்கு அரபிப் பேரு?" என்றாள். வெந்தயத்தை நுரைக்க அடித்துக் குழம்பின் தலையில் ஊற்றுவதை மட்டும் அவளால் கடைசிவரை ஒத்துக்கொள்ள முடியவில்லை. மகள் ஹனீன் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். தெருவுக்கு அவள் கனி.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, ஹனீனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து வைத்திருந்த சீனித்தாய் வீட்டில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, நபீலுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோகலாம் என்று பல்கீஸ் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தாள்.

ரப்பர் தீய்ந்த வாடை மூஞ்சியில் அடித்தது.

அடுப்படிச் சுவர் கூரை வரைக்கும் கரி பிடித்திருந்தது. மேடையில் அவளுடைய அடுப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் வேறொரு அடுப்பு, பெரியது, ஒரு பக்கம் பிளந்து, டியூப் உருகித் தொங்க, கவிழ்ந்து கிடந்தது. தரையில் சைக்கிள் டயர் எரிந்த கம்பி வளையம் ஒன்று. அதை எடுத்துப்போகக்கூட அவர்களுக்கு அவசரத்தில் தோன்றவில்லை. அலமாரியிலிருந்த ஹனீனின் நோட்டுகள் விளிம்பு கருகியிருந்தன. தாயிஸிலிருந்து துணியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்த மாக்கல் சட்டி சூட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

சொன்ன பொய்க்குச் சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. அதற்காக அவள் அடுப்படிக்குள் வந்து ஆற அமரத் தீ வைத்துவிட்டுப் பூட்டிப் போயிருக்கிறார்கள். பூட்டி!

சாவி வேறு யாரிடம் இருக்கும்? மாடியிலிருந்த வீட்டுக்காரி மீனாட்சியம்மாள் படியிறங்காமலே பேசினாள்.

"இங்கேரு, நான் வயசானவ. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆபீசுலருந்து ஆள் வந்து அடுப்பு ரிப்பேர் பாக்கணும்னான், சாவி குடுத்தேன்."

"யாரு வீட்டு அடுப்ப யாரு ரிப்பேர் பாக்குதது? நான் ஒங்ககிட்ட சொன்னேனா?"

"எம்மவன் அந்த ஆபீசு வண்டிதான ஓட்டுதான். அவிய கேட்டா நான் என்ன சொல்ல? நீ பேசுதத பாத்தா நாந்தான் தீ வச்சேன்னு சொல்லிருவ போலுக்கே. வெள்ளையடிச்சு ஆறு மாசம் ஆவல. வீட்டக் கொளுத்திட்டு நிக்கிய. வேற வீடு பாத்துக்கிடுங்கம்மா. பாவம்னு வச்சதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

தான் சாவி கொடுத்து உள்ளே விட்டவர்கள் கொளுத்தின வீட்டை இவள்தான் கொளுத்தினாள் என்று, மூன்று நிமிசத்துக்குள் அந்தம்மாளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் எஸ்.ஐ. ஆனந்தி வந்தார். தெரு பூராவும் வாசலில் நின்றது. எஸ்.ஐ. அடுப்படியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார். செல்போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொண்டார்.

"அடுப்பு வெடிக்கும்போது நீ எங்க இருந்த?"

பல்கீஸ் வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கைகளோடு கிடக்கிறவன் சொன்ன வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. அவனிடம் கேட்காமல் எதைச் சொல்வது? "எனக்குத் தெரியாது மேடம்" என்றாள்.

"வீட்டுக்குள்ள இருந்தவளுக்குத் தெரியாதா? அந்த ஆளுக்கு ரெண்டு கையும் வெந்து கெடக்கு. ஒனக்கு ஒரு முடி கருகல. என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்ல மேடம்."

"உள்ளதச் சொல்லு. மண்ணெண்ண கிண்ணெண்ண ஊத்துனியா?"

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி அய்யாத்துரை ஆபீசில் பெட்டி அடைக்கப் போகிறாள். நேற்றுப் பதினொரு மணிக்கு மருந்து அரைக்கிற மெஷின் பேரிங் இறுகிப் பொறி பறந்து தீ பிடித்தபோது, அடுத்த ஹாலில் நாற்பது பெண்களும் அடைத்த பெட்டிகளும் இருந்தன. நடுவில் ஒரு இரும்புக் கதவு. நபீல் உள்ளே நின்று, பழுக்கிற கதவை வெறுங்கையால் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு, பின்பக்கத்துச் சன்னல் வழியாகக் குதித்தான். அந்தக் கதவு திறந்துகிடந்திருந்தால் இந்நேரம் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல் போட்டிருக்க வேண்டும். அந்த நாற்பதில் பதினேழு பேர் இப்போது வாசலில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாய் திறக்கவில்லை.

"நாளைக்கு பாஸ்போர்ட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. போனார்.

கூட்டம் கலைந்தபிறகு சீனித்தாய் மட்டும் உள்ளே வந்தாள். கரி பிடித்த சுவரைப் பார்க்கவில்லை. பிளந்து கிடந்த அடுப்பையே பார்த்தாள்.

"ஏட்டி, இது ஆபீசு டீ அடுப்புட்டி" என்றாள் மெதுவாக. "வலது பக்கத்துக் குமிழ் ஒடைஞ்சு போச்சுன்னு நாந்தான் போல்ட்டு வச்சு முறுக்குனேன். இந்தா இருக்கு பாரு. அஞ்சு வருசமா ரெண்டு நேரமும் இதுலதான டீ போடுதேன். போன மாசம் டியூப் பிடிச்சு எரிஞ்சி, தூக்கி கொட்டாயில போட்டாவ."

"அப்ப சொல்லுக்கா."

"என்னத்தச் சொல்ல?"

"இப்பச் சொன்னத. அந்த எஸ்.ஐ. மேடத்துக்கிட்ட. ஒங் கண்ணு முன்னாலதான என்னயக் கேட்டாவ, புருசன் மேல மண்ணெண்ண ஊத்துனியான்னு? நீ வாசல்ல நிக்க. பல்லக் கடிச்சிட்டு நிக்க."

"ஒனக்கென்ன தெரியும்? எம்மவ ஐஸ்வர்யா நர்சிங் படிக்கான்னா யாரால படிக்கா? அய்யாத்துரை அண்ணாச்சி நேர்ல போயி சீட்டு வாங்கிக் குடுத்தாவ. இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அவிய ஒரு போன் போட்டா எம்பிள்ள பொட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துருவா. நான் புருசன் இல்லாதவட்டி."

"எனக்கு நாடே இல்லக்கா."

"அதுக்குத்தான் சொல்லுதேன், வாய மூடிட்டு இரு. ஆறு மாசம் போனா கை ஆறிரும். அண்ணாச்சி கைவிட மாட்டாவ."

"ஆறிரும். யாரு கை ஆறிரும்? டாக்டர் சொல்லுதாரு, வெரலு மடங்காதுன்னு. ஸ்பேனர் பிடிச்ச கை. அந்தக் கதவ அவரு சாத்தலன்னா நீ எங்க இருப்ப? சொல்லு. ஐஸ்வர்யாவுக்கு சீட்டு வாங்கிக் குடுத்த மொதலாளி ஒனக்குக் கதவு சாத்த வந்தாரா?"

சீனித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போக்கா. ஒங்க எல்லாத்தையும் பாக்க எனக்கு வயிறு எரியுது. போ, போயி டீ போடு."

சீனித்தாய் எழுந்து போனாள். அவள் பின்னாலேயே ஓடப்போன ஹனீனைப் பல்கீஸ் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிள்ளைக்குக் காரணம் புரியவில்லை. "சீனியம்மா என்ன செஞ்சாவ?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் நபீலுக்குக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே சண்டை போட்டாள். வீட்டில் அரபிதான் பேசுவார்கள். ஆனால் கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வந்தது. சண்டை போட அவள் கற்றுக்கொண்டதே இந்த ஊரில்தான்.

"என்னக் கேட்டீங்களா? ஒரு வார்த்த கேட்டீங்களா? வாயத் தொறந்து ஒங்க மொதலாளியக் காப்பாத்துனீங்க. நான் கொலகாரி ஆயிட்டேன்."

"மெல்லப் பேசு" என்று நபீல் அரபியில் சொன்னான். "வலியில் இருந்தேன். மேனேஜர் காதோரம் வந்து சொன்னார். எனக்கு ஹனீன்தான் ஞாபகத்துக்கு வந்தாள். ஏற்றி அனுப்பிவிட்டால் எங்கே போவோம்? எந்த வீட்டுக்கு?"

"இங்க மட்டும் வீடு இருக்கா? எரிச்சிட்டானுவ."

அவனுக்கு அது தெரியாது. அவள் சொன்னாள். டயர், அடுப்பு, சாவி, கல்சட்டி, எஸ்.ஐ. கேட்டது, எல்லாம். நபீல் கண்ணை மூடிக்கொண்டான். கட்டுப்போட்ட இரண்டு கைகளும் தலையணைமேல் வெள்ளை மூட்டைகளாகக் கிடந்தன. கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனால் முடியவில்லை. அவள் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் வழியட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"எட்டு வருசம்" என்றான். "ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிட்டால் போனேன். ஆபீசர் வந்தால் எலி மாதிரிப் பின்வாசலில் ஓடினேன். ஒருநாள்கூட எனக்கு வெட்கமாக இருந்ததில்லை. இன்றைக்கு இருக்கிறது."

"நான் நாளைக்கு உள்ளதச் சொல்லப் போறேன்."

அவன் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தான். பிறகு, "அனுப்பிவிடுவார்கள்" என்றான்.

"அனுப்பட்டும். புருசனக் கொளுத்துனவன்னு பேர் வாங்கிட்டு இங்க இருக்க மாட்டேன்."

நபீல் வாயைத் திறந்தான். வேண்டாம் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். அவன் அடுத்த வாய்க் கஞ்சிக்குத்தான் திறந்திருந்தான்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் அந்த உடைந்த அடுப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் ஊருக்கு வெளியே, வாயைப் பிளந்து வெடித்துக்கிடந்த கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. பருத்திமார் பிடுங்கின காடு. நிழலுக்கு ஒரு உடைமரம்கூட ரோட்டோரத்தில் இல்லை. கரிப்புழுதி காற்றில் எழும்பி அவள் முக்காட்டில் அப்பியது. அடுப்பின் பிளந்த தகடு விலாவில் குத்தியது. எதிரே பைக்கில் வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்டுக்கு நேர் எதிரே அடுப்பைத் தொப்பென்று போட்டாள். எட்டு மணி வண்டியில் பெண்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே முதலாளி அய்யாத்துரையின் கார் வந்தது. அடுப்பு வழியில் கிடந்ததால் கார் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார். நெற்றி நிறையத் திருநீறு, சாந்தமான முகம்.

"என்னம்மா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இந்தாங்க ஒங்க அடுப்பு. எங்க வீட்ல மறந்து வச்சிட்டு வந்துட்டாவ."

இசக்கிதுரை ஓடிவந்தார். "தங்கச்சி, வா, உள்ள வந்து பேசுவோம்."

"உள்ள பேச ஒண்ணும் இல்ல. மொதலாளி இங்கனயே சொல்லட்டும். எம் புருசன் எட்டு வருசம் இந்த ஆபீசுல வேல பாத்தார்னு சொல்லட்டும். கை வெந்தது இங்கனன்னு சொல்லட்டும். அது போதும். நான் போயிருதேன்."

அய்யாத்துரை அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"யாரும்மா ஒம் புருசன்? எனக்கு அப்பிடி யாரையும் தெரியாதே" என்றார்.

அவள் நாற்பது பேரையும் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டாள். "ஏ முத்துச்செல்வி, ஒன் வீட்டு மிக்சிய யாரு சரி பண்ணிக் குடுத்தது? ஏக்கா, ஒன் பேரனுக்கு கணக்கு யாரு சொல்லிக் குடுத்தது? யாருக்கும் தெரியாதா? கதவு தானா சாத்திக்கிட்டுச்சா?"

முத்துச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் நுழைந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. சோற்றுத் தூக்குகள் ஒன்றோடொன்று இடிபட, ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். சீனித்தாயும் போனாள். அடுப்பைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு அவளும் போய்விட்டாள். காவலாள் கேட்டைச் சாத்தினான். கார் பின்னால் நகர்ந்து வேறு வழியாகப் போயிற்று.

பல்கீஸ் அடுப்பை மறுபடியும் தூக்கிக்கொண்டாள். கெட்ட வார்த்தைகள் அவளுக்கு இப்போது அர்த்தத்தோடு தெரியும். அத்தனையையும் அந்தப் பூட்டின கேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

எஸ்.ஐ. ஆனந்தி வாக்குமூலத்தைப் பாதி எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "நீ சொல்லுதது சரியா இருக்கலாம். டயர் வாட எனக்கும் வந்துச்சு. ஆனா ஒம் புருசனே வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்காரு. ஒனக்கு சாட்சி யாரு? அதோட இன்னொண்ணு யோசிச்சுக்க. அங்க வேல பாத்தாருன்னு நீ எழுதுன நிமிசமே அவரு மேலயும் ஒரு கேசு இருக்கு. பெர்மிட்டு இல்லாம வேல பாத்த கேசு."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா சொல்லுத?"

"எழுதுங்க மேடம்."

எஸ்.ஐ. பேனாவைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு சத்தம். சீனித்தாய் வந்து நின்றாள். வேர்த்து, மூச்சு வாங்க, ஆபீசில் தலையில் கட்டுகிற துண்டு அவிழாமல், ஒருமணி நேரம் வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

"அந்த அடுப்புல அஞ்சு வருசம் டீ போட்டவ நான்" என்றாள். "வலது பக்கம் பாருங்க, குமிழுக்குப் பதிலா போல்ட்டு இருக்கும். நான் முறுக்குனது. அந்தப் பையன் கதவச் சாத்துனதையும் நான் பாத்தேன். எழுதிக்கிடுங்க."

பல்கீஸ் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கோபம் அப்படி ஒரே நிமிசத்தில் இறங்கிப் போகிறதா என்ன? சீனித்தாயும் அவளைப் பார்த்துப் பேசவில்லை, எஸ்.ஐ.யைப் பார்த்துத்தான் பேசினாள்.

"உள்ள போயி உக்காந்துட்டேன் மேடம். பெட்டியக் கையில எடுத்துட்டேன். 'யாரும்மா ஒம் புருசன்'னு கேட்டாவல்லா, அது காதுலயே நிக்கி. எட்டு வருசம் அங்க வேல பாத்து, தெனமும் என் கையால டீ குடிச்ச பிள்ளைய, யாருன்னு கேக்காவ. நாளைக்கு நான் வெந்து செத்தா என்னையும் யாருன்னுதான கேப்பாவ?"

கேஸ் பதிவாயிற்று. நபீல் ஆஸ்பத்திரியிலிருந்தே மறுவாக்குமூலம் கொடுத்தான். தீப்பெட்டி ஆபீசுக்குச் சீல் வைத்தார்கள். நாற்பத்தோரு நாள் சீல் இருந்தது. பிறகு புது மெஷின் வந்து, அய்யாத்துரையின் மகன் பெயரில் போர்டு மாட்டித் திறந்தார்கள். அந்த நாற்பத்தோரு நாளும் வேலையில்லாமல் கிடந்த தெரு, பல்கீசைப் பார்த்தால் முகத்தைத் திருப்பியது. குழாயடியில் அவள் குடத்தை மறுபடியும் பின்னால் தள்ளி வைத்தார்கள். மீனாட்சியம்மாள் சாமான்களை வாசலில் எடுத்து வைத்தாள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், தகரம் போட்ட ஒற்றை அறைக்கு மாறினார்கள். சீனித்தாயை மறுபடியும் ஆபீசில் சேர்க்கவில்லை. அவள் மிளகாய்ப்பழம் ஆயப் போனாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள். ஐஸ்வர்யாவின் படிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அய்யாத்துரை போன் போடவில்லையோ, போட்டும் நடக்கவில்லையோ, தெரியாது. பல்கீசும் சீனித்தாயும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் சீனித்தாய் ஒரு பழைய கல்சட்டியைக் கொண்டுவந்து, "அந்த வெந்தய நுரைய இதுல ஊத்தித் தொலை" என்று வைத்துவிட்டுப் போனாள். பல்கீஸ் அதை எடுத்துக் கழுவினாள். நன்றி என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஆடியில் மாவட்டப் போலீஸ் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் வேலை பார்த்ததற்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

எட்டயபுரம் வழியாகப் போகிற தூத்துக்குடி பஸ்ஸில் நபீலைச் சன்னலோரத்தில் உட்காரவைத்து, அவன் கைகள் கம்பியில் இடிக்காமல் மடியில் துண்டு விரித்து வைத்துக்கொண்டாள். ஆடிக்காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக் கிடந்தது.

ஆபீசில் ஒரு வயதான அதிகாரி அவர்களுடைய ஃபைலை எடுத்து வைத்தார். ஒன்பது வருசத்துத் தாள்கள். வருசா வருசம் நிரப்பின அதே படிவம். ஒவ்வொன்றிலும் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"இந்த வருசமும் 'இல்லை'ன்னே போட்ருவோம்மா" என்றார். கெட்ட மனுசர் மாதிரித் தெரியவில்லை. "ஏதோ ஒருநாள் தெரியாமப் போனோம், ஒத்தாசைக்குப் போனோம்னு மன்னிப்பு எழுதிக் குடுங்க. மேல அனுப்புதேன். இரக்கப்பட்டு விட்டாலும் விடுவாங்க. எட்டு வருசம்னு எழுதினீங்கன்னா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

பல்கீஸ் நபீலைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் தமிழில் சொன்னான்:

"எட்டு வருசம் சார். தீப்பெட்டி ஆபீசு மெக்கானிக். அப்பிடியே எழுதுங்க."

அதிகாரி பெருமூச்சு விட்டார். எழுதினார். தாளைத் திருப்பி அவன் முன்னால் நகர்த்தினார். "கையெழுத்துப் போடுங்க." சொன்னபிறகுதான் அவருக்கு அந்தக் கைகள் கண்ணில் பட்டன. "சரி, சரி. பெருவெரல் ரேக வச்சாப் போதும்" என்று மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

பல்கீஸ் நபீலின் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டுத் துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். ஒன்றோடொன்று ஒட்டி, மெழுகு போல வழுவழுவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தன ஐந்து விரல்களும்.

"எந்த வெரல்ல ரேக இருக்குன்னு நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்க சார்" என்றாள்.